தாத்தா பாட்டி துணை இல்லாம, ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு குழந்தைய நல்லபடியா வளர்க்க முடியுமா?

ரெண்டு நாளா இந்தக் கேள்விய பார்த்துட்டு தள்ளி விட்டுட்டே இருந்தேன். மேல ஒருத்தர் "முடியாது, ஒருத்தர் வேலைய விடணும், அது அம்மாவா இருந்தா நல்லது"ன்னு எழுதி அதுக்கு அத்தனை லைக் விழுந்திருக்கறத பார்த்ததும் கை நிக்கல, அதான் வந்துட்டேன். உங்க பொண்ணுக்கு ஒண்ணேமுக்கா வயசு, ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் வந்து இருக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கீங்க. லவ் மேரேஜா இருக்கும்னு நானே நினைச்சுக்கறேன், தப்புன்னா மன்னிச்சுக்கோங்க. எழுதியிருக்கற விதத்த பார்த்தா ஐடி கம்பெனி மாதிரி தெரியுது. நான் பனியன் கம்பெனி. சம்பளம்தான் வித்தியாசம், சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இருக்கற அலுப்பு ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

முடியும். ஆனா ரெண்டே பேரா முடியாது. மூணாவதா ஒரு ஆள் வேணும். என் கதைய சொல்றேன், உங்களுக்கு எது ஒத்துவருதோ எடுத்துக்கோங்க.

நாங்க ஆண்டிபட்டி பக்கம். 2014-ல ரெண்டு வீட்டுக்கும் சொல்லாம கல்யாணம் பண்ணிட்டு நேரா திருப்பூர் பஸ் ஏறினோம். அவர் பவர் டேபிள் டெய்லர் (மோட்டார் மிஷின்ல தைக்கறவர்), நான் செக்கிங், தச்சு வந்த துணில குறை இருக்கான்னு பார்க்கற வேலை. தெரியாதவங்களுக்கு சொல்றேன், காலைல எட்டரைக்கு உள்ள போனா சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் ஒரு ஷிப்ட், சிப்மெண்ட் இருந்தா ராத்திரி எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட். சிப்மெண்ட் எப்பவும் இருக்கும். சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை ராத்திரி அவர் கடைக்குப் போவார், ஞாயித்துக்கிழமை காலைல சண்டை. (இப்ப அப்படி இல்ல, இத அவரும் படிப்பார். முழுசா விட்டுட்டார்னு பொய் சொல்ல மாட்டேன், குறைஞ்சிருக்கு.)

பையன் 2016 ஜனவரில பொறந்தான். ஒரு வயசு முடிஞ்சதும் நான் திரும்ப கம்பெனிக்குப் போயிட்டேன், போகலன்னா வாடகை இல்ல. தெருவுல ஒரு அக்கா மாசம் 1,500 வாங்கிட்டு ஏழெட்டு குழந்தைங்கள ஒரே ரூம்ல டிவி போட்டு உக்கார வச்சுப் பார்த்துக்குவாங்க. அவங்கள குத்தம் சொல்லல, ஒரு ஆள் எட்டு புள்ளைக்கு சோறு ஊட்டி கால் கழுவி விடறதே பெரிசு, இதுல எங்க உக்காந்து பேசறது. ராத்திரி நான் சமைக்கிற வரைக்கும் அவன் கைல போன். காலைல கிளப்பற வரைக்கும் போன். ரெண்டு வயசு தாண்டியும் பேச்சு வரல. கைய காட்டுவான், கத்துவான், புரியலன்னா தலைய சுவத்துல முட்டுவான். "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாதான் பேசும்"னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கும் அத நம்ப வசதியா இருந்துச்சு.

கம்பெனில குழந்தைங்க ரூம் இல்லயான்னு கேப்பீங்க. இருந்துச்சு! 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே 30 பொம்பளைங்களுக்கு மேல வேலை பார்த்தா ஆறு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு ரூம் வைக்கணும்னு அப்ப இருந்துச்சு, 2017-ல திருத்தின பேறுகால சட்டத்துல 50 பேர் வேலை பார்க்கற இடத்துலயும் இருக்கணும்னு போட்டாங்க. அந்தக் கம்பெனி பேர் வேண்டாம், இப்ப நான் அங்க இல்ல. கதவுல அழகா பெயிண்ட் அடிச்சு பூட்டு போட்டிருக்கும். ஒரு தடவ வெளிநாட்டு பையர் (எங்ககிட்ட துணி வாங்கற கம்பெனி) ஆடிட் வர்றாங்கன்னு சூப்பர்வைசர் வந்து "உங்களுக்கெல்லாம் சின்ன குழந்தை இருக்குல்ல, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, தலை சீவி நல்ல சட்டை போட்டு"ன்னார். கூட்டிட்டுப் போனேன். உள்ள தொட்டில், பாய், பொம்மை, செவப்பு கலர் பிளாஸ்டிக் குதிரை ஒண்ணு, விலை ஸ்டிக்கர் கூட கிழிக்கல. பேக்கிங்ல இருந்த ஒரு அக்காவுக்கு வெள்ளை கோட் போட்டு ஆயாவா உக்கார வச்சிருந்தாங்க. டீ பிரேக் ரெண்டுலயும் போய்ப் பார்த்தேன், குதிரை மேல இருந்து இறங்கவே இல்ல. போன் கேக்கல, தலைய முட்டல, அழவே இல்ல. சாயங்காலம் ஆடிட்காரங்க கார் கிளம்பினதும் குதிரைய பெரிய பாலித்தீன் கவர்ல போட்டுக் கட்டி உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் கம்பெனி கேட் வழியா போனாலே அவன் அந்தப் பக்கம் கைய நீட்டி நீட்டி அழுவான். எனக்கு அந்தக் குதிரைய வாங்கிக் குடுக்கணும்னு கூட அப்ப தோணல பாருங்க, அவ்வளவு மரத்துப் போயிருந்தேன்.

அப்புறம் ஒரு ராத்திரி. இத எழுதறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு வந்து உலை வச்சிருக்கேன், போன்ல சார்ஜ் போயிடுச்சு, அவன் கத்த ஆரம்பிச்சான், கால் மணி நேரம் நிறுத்தல, நான் கைல இருந்த கரண்டியாலயே அடிச்சுட்டேன். ஒரு அடி இல்ல. காலைல "எந்தத் தாய் செய்வா"ன்னு கமெண்ட் போடப் போறவங்க போட்டுக்கோங்க, அத நானே என்னை நூறு தடவ கேட்டாச்சு.

பக்கத்து போர்ஷன்ல ஒரு பாட்டி இருந்தாங்க, ஊர் காங்கேயம் பக்கம், பேரனோட இருந்தாங்க. அதுவரைக்கும் நான் அவங்ககூட சரியா பேசினதே இல்ல, பேசினா என்ன ஆளுங்கன்னு கேப்பாங்களோன்னு பயம். கதவ தட்டி "ஏனம்மிணி, கொழந்தைய எதுக்கு இந்த அடி அடிக்கற, கொண்டா இங்க"ன்னு அவனை வாங்கிக்கிட்டாங்க. திட்டப் போறாங்கன்னு நின்னேன். "நீ மொதல்ல சோத்தத் தின்னுட்டுத் தூங்கு, காலைல பேசிக்கலாம்"னு போயிட்டாங்க. நான் அன்னைக்குத்தான் ரெண்டு வருஷத்துல நடுவுல எந்திரிக்காம தூங்கினேன்.

மறுநாள்ல இருந்து அவன் அந்தப் பாட்டிகிட்ட. வாரம் 300 குடுப்பேன், அதையும் அவனுக்கே பொரி உருண்டை வாங்கி தீர்த்துடுவாங்க. அந்தப் பாட்டிக்கு வாய் ஓயாது. ஒரு ஹோட்டலுக்கு சின்ன வெங்காயம் உரிச்சுக் குடுக்கற வேலை, கூடைய நடுவுல வச்சுக்கிட்டு இவனை எதிர்ல உக்கார வச்சு "இது பெருசு சாமி, இது சிறுசு, இது அழுகல், அக்கட்டால போடு"ன்னு நாள் பூரா பேச்சு. அவங்கதான் இவனை பால்வாடிக்கு கூட்டிட்டுப் போனது. எனக்கு பால்வாடின்னா ஏளனம், சத்துமாவு வாங்கற இடம்னு நினைப்பு. வாரத்துல மூணு நாள் முட்டை போடுவாங்க, எடை பார்த்து அட்டைல குறிப்பாங்க, அவ்வளவுதான் தெரியும்.

அந்த டீச்சர்தான் கண்டுபிடிச்சது. கூப்பிட்டா திரும்பறான், ஆனா வார்த்தை இல்ல, ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தைய சேர்த்து சொல்லணும், இவன் ஒண்ணு கூட சொல்லல, பார்க்கணும்மான்னாங்க. பால்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ டாக்டர் டீம் வண்டில வந்து எல்லா குழந்தையையும் பார்ப்பாங்க, 2013-ல இருந்து நடக்கற தேசிய திட்டம், பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும். அவங்க சீட்டு எழுதி மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு (குழந்தை வளர்ச்சில குறை இருந்தா சீக்கிரமே பார்த்து சிகிச்சை குடுக்கற இடம்) அனுப்பினாங்க. காது டெஸ்ட் பண்ணி காது நல்லா இருக்குன்னு சொன்னப்ப நான் அங்கயே தரைல உக்காந்துட்டேன்.

அங்க பேச்சுப் பயிற்சி குடுத்த மேடத்துகிட்ட "போன் குடுத்ததாலயா மேடம்"னு கேட்டேன். "போன் மேல மட்டும் பழிய போடாதீங்க, அவன் ஒரு சத்தம் குடுத்தா பதிலுக்கு சத்தம் குடுக்க எதிர்ல ஆள் இருந்துச்சா, அத யோசிங்க"ன்னாங்க. பாட்டி கதைய சொன்னதும் சிரிச்சாங்க, "நான் வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் செய்யறத அவங்க நாள் பூரா செய்யறாங்க"ன்னு. அவங்கதான் ஹவாய்ல காவாய்னு ஒரு தீவுல நடந்த ஆராய்ச்சிய சொன்னது. 1955-ல அங்க பொறந்த 698 குழந்தைங்கள எம்மி வெர்னர்னு ஒரு அம்மா பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்திருக்காங்க. மூணுல ஒரு பங்கு குழந்தைங்க ரொம்ப மோசமான நிலைமைல வளர்ந்ததுங்க, ஏழ்மை, வீட்டுல சண்டை, குடி, மனநோய் இப்படி. அதுலயும் மூணுல ஒண்ணு நல்லாத்தான் வளர்ந்து வந்திருக்கு. அந்தக் குழந்தைங்களுக்கெல்லாம் அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ, பக்கத்து வீட்டு ஆளோ, டீச்சரோ, யாராவது ஒருத்தர் பிடிமானமா இருந்திருக்காங்க. இன்னொன்னும் ஒரு பேப்பர்ல எழுதிக் காமிச்சாங்க, அமெரிக்காவுல குடும்பத்துக்கு பாதுகாப்பு தர்ற விஷயம்னு அஞ்சு சொல்லுவாங்களாம். பெத்தவங்களுக்கு உடைஞ்சு போகாம நிக்கற தெம்பு, பேச நாலு மனுஷங்க, எந்த வயசுல குழந்தை என்ன செய்யும்ங்கற விவரம், அவசரத்துக்குக் கை கொடுக்கற உதவி, அஞ்சாவதா குழந்தைக்கே தன் கோபத்தையும் அழுகையையும் வெளிய சொல்லத் தெரியறது. கவனிச்சீங்களா, முதல் நாலும் பெத்தவங்களுக்கு வேண்டியது! யாரும் என்கிட்ட இப்படி சொன்னதே இல்ல, எல்லாரும் குழந்தைக்கு பாதாம் குடு, வல்லாரை குடுன்னுதான் சொன்னாங்க.

சிகிச்சைக்கு வாரம் ஒரு நாள் போகணும், எனக்கு அரை நாள் சம்பளம் போகும். அப்ப இலவச பஸ் கிடையாது, அது 2021-ல தான வந்துச்சு. பாதி வாரம் பாட்டியே கூட்டிட்டுப் போனாங்க. நாலாவது மாசமோ அஞ்சாவது மாசமோ ஒரு நாள் ராத்திரி ரசத்துக்கு தாளிச்சுட்டு இருக்கேன், பின்னாடி வந்து நின்னு கூடைய காட்டி "எங்காயம்"ங்கறான். அம்மா கூட சொல்லல, எங்காயம். அவர் டேபிள்ல தச்சுட்டு இருக்கார்னு தெரிஞ்சும் கம்பெனிக்கு போன் போட்டு சொன்னேன்.

காசு விஷயமும் சொல்லணும். 2019-ல இவனுக்கு டெங்கு. அதுக்கு முன்னாடி வரைக்கும் அவசரம்னா வார வட்டிதான், செவ்வாய்க்கிழமையானா வாசல்ல வண்டி நிக்கும், வண்டி சத்தம் கேட்டா குழந்தையே கட்டிலுக்கடில போவான். பாட்டி சேர்த்து விட்ட மகளிர் குழுல இருந்ததால அந்த தடவ ஒரு மணி நேரத்துல 5,000 கைக்கு வந்துச்சு. குழுன்னா சும்மா கூடி காப்பி குடிக்கறதுன்னு கிண்டல் பண்ற ஆளுங்க எங்க கம்பெனிலயே இருக்காங்க. 1989-ல தர்மபுரில ஆரம்பிச்சது இன்னைக்கு வரைக்கும் ஓடுதுன்னா சும்மா ஓடாது.

பையன் ஸ்கூல் சேர்ந்தப்புறம் காலைச் சாப்பாடு இன்னொரு தலைவலி. எட்டரைக்கு ஷிப்ட், ஏழரைக்கே அவனை எழுப்பி திணிக்கணும், பாதி நாள் வெறும் வயித்துல போவான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல 1,545 ஸ்கூல்ல ஆரம்பிச்சாங்க, எங்க ஸ்கூலுக்கு மறு வருஷம் ஆகஸ்ட்ல வந்துச்சு. அப்ப புதன்கிழமை பொங்கல், அன்னைக்கு மட்டும் எழுப்பாமலே எந்திரிப்பான். இலவசம் கொடுத்து சோம்பேறி ஆக்கறாங்கன்னு வருவீங்க தெரியும். எங்க அம்மாவே 82 ஜூலைல சத்துணவு ஆரம்பிச்சப்ப தட்டு தூக்கிட்டுப் போன ஏழு வயசுப் புள்ள, அவங்க நாப்பது வருஷமா காட்டு வேலை பார்த்துட்டுதான் இருக்காங்க, சோம்பேறி ஆன மாதிரி எனக்குத் தெரியல.

இலவசம்னதும் ஞாபகம் வருது, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கரண்ட் எல்லா வீட்டுக்கும் இலவசம்ல, எங்க காம்பவுண்ட்ல ஆறு போர்ஷனுக்கும் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு பத்து ரூபா போட்டு வாங்கறார், முதல் யூனிட்ல இருந்து. கேட்டா "காலி பண்ணிக்கோங்க". வீடு பார்க்கப் போனாலும் மொதல் கேள்வி குழந்தை இருக்கா, எத்தனை, தண்ணி செலவாகுமே. கோழி வளக்கறவன்கிட்ட கூட இப்படி கேக்க மாட்டாங்க. கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா வருஷத்துக்கு ஒரு வீடு மாத்தினா குழந்தைக்கு பக்கத்து வீட்டுப் பாட்டி எங்கருந்து கிடைப்பாங்க, சொல்லுங்க.

சரி, உங்களுக்கு. ஆபீஸ்ல 50 பேருக்கு மேல இருந்தா குழந்தைங்க ரூம் எங்கன்னு எழுதிக் கேளுங்க, உங்க கம்பெனில கேட்டா வேலைய விட்டு தூக்க மாட்டாங்க, எங்களுக்குத்தான் அந்த பயம். பொண்ணுக்கு ரெண்டு வயசானதும் பக்கத்து பால்வாடிக்கு ஒரு தடவ போய்ப் பாருங்க, ப்ளே ஸ்கூல் சேர்த்தாலும் பரவால்ல, எடை அட்டையும் டாக்டர் டீமும் அங்கதான். கை ஓங்கற அளவுக்கு ஒரு நாள் வந்தா குழந்தைய யார்கிட்டயாவது குடுத்துட்டு 14416-க்கு போன் போடுங்க, மனநல ஆலோசனை, 2022-ல இருந்து இருக்கு. என் காலத்துல எனக்கு கதவு தட்டின பாட்டிதான் இருந்தாங்க. உங்க மாடில யார் இருக்காங்கன்னு தெரியுமா? நீங்களே போய் ஒரு நாள் தட்டுங்க.

"சொந்தம் இல்லாத ஆள நம்பி குழந்தைய விடலாமா, காலம் கெட்டுக் கிடக்கு"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: கேக்கறது நியாயம்தான். கண்ண மூடிட்டு விடுங்கன்னு நான் சொல்லல. மொதல் மாசம் பூரா டீ பிரேக்ல கம்பெனில இருந்து ரெண்டு தெரு ஓடி வந்து, செருப்ப கைல எடுத்துக்கிட்டு, சத்தம் போடாம அந்தப் பாட்டி வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு ஓடியிருக்கேன். எப்ப பார்த்தாலும் ரெண்டு பேரும் வெங்காயம் உரிச்சுட்டுதான் இருந்தாங்க.