நேத்து தேக்காவுக்குப் போனியே, இன்னிக்கு என்ன?

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 37 வயசு, சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கோம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்எஸ்ங்கிற நரம்பு நோய்னு சொல்லி 2 வருஷம் ஆச்சு. நடக்கிறேன், வேலைக்குப் போறேன், பார்க்க நல்லாத்தான் இருக்கேன், அதுதான் வினையே. 8 மணி நேரம் படுத்து எந்திரிச்சாலும் காலைல 11 மணிக்கெல்லாம் ஈர மணல் மூட்டையத் தோள்ல வச்ச மாதிரி ஆயிடுது, பேசக்கூட வாய் வரல. மாமியார் "எங்களுக்கும்தான் அசதி"ங்கிறாங்க. வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனா அவரே "நேத்து தேக்கா மார்க்கெட்டுல 2 மணி நேரம் சுத்துனியே, இன்னிக்கு என்ன?"னு கேட்டுட்டார். நான் சோம்பேறியா அக்கா?

பதில்: இல்லம்மா. அவர் கேட்ட கேள்விக்குள்ளயே பதில் இருக்கு, நேத்து போனதுனாலதான் இன்னிக்கு முடியல. எம்எஸ் உள்ளவங்கள்ல 10 பேர்ல சுமார் 8 பேருக்கு இந்த அசதி இருக்கு. நரம்பு மேல இருக்கிற மயலின்ங்கிற உறையை உடம்போட எதிர்ப்புச் சக்தியே அரிச்சுடுது, அப்புறம் தகவல் நேரா போக வழியில்ல. பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ரோடு வேலைன்னு லேனை மூடிட்டா டாக்சி அங்கிள் சந்து சந்தா சுத்தி அதே எடத்துக்குத்தான் கொண்டுபோவாரு, ஆனா பெட்ரோல் எவ்வளவு போகும்! மூளையும் அப்படித்தான் ஒரு சின்ன வேலைக்கே கூடுதலா உழைக்குது. இதை மாமியாருக்கும் படிச்சுக் காட்டுங்க.

இன்னொரு எதிரி நம்ம ஊரு வெயில். 1890லயே ஊட்ஹோஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் கவனிச்சு எழுதியிருக்கார், உடற்பயிற்சி பண்ணி உடம்பு சூடானா இவங்களுக்குப் பார்வை மங்குதுன்னு. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்குப் போதும். நோய் முத்திடுச்சுன்னு பயப்படாதீங்க, குளிர்ந்ததும் சரியாகிடும். அதனால தேக்காவுக்கு காலைல பசியாறின கையோட போயிட்டு வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி பச்சைத்தண்ணில ஒரு குளியல், பையில ஐஸ் தண்ணி, கழுத்துல ஈரத்துண்டு. சமையல்கட்டுல ஃபேன் வைங்க, ஸ்டூல் போட்டு உக்காந்து நறுக்குங்க. தீபாவளி முறுக்கை இந்த வருஷம் வீட்டுக்காரர் சுடட்டுமே, என்ன கெட்டுப்போச்சு!

ஆனா எல்லாத்தையும் எம்எஸ் தலையில கட்டிடாதீங்க. 8 மணி நேரம் படுத்தேன் சரி, நடுவுல எத்தனை தடவை பாத்ரூமுக்கு எந்திரிச்சீங்க? இந்த நோய்ல மூத்திரப்பை தொல்லை ரொம்ப சகஜம், தூக்கமே துண்டு துண்டாயிடும். ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம், தசை இறுக்கத்துக்கு சாப்பிடுற பேக்லோஃபென் மாதிரி மாத்திரை, எதுவும் அசத்தும். டாக்டர்கிட்ட சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடுங்க.

நான் நர்ஸா இருந்தப்போ அடிக்கடி பார்த்த தப்பு ஒண்ணு இருக்கு. நல்லா இருக்கிற அன்னிக்கு மார்க்கெட்டு, துணி, கோயில்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சுட்டு அடுத்த ரெண்டு நாள் படுத்துக் கிடப்பாங்க. நல்ல நாள்லதான் கையைக் கட்டிக்கணும். களைச்சப்புறம் உக்காராம களைக்கிறதுக்கு முன்னாடியே 15 நிமிஷம் உக்காருங்க, 2 வாரம் எப்போ என்ன செஞ்சப்போ விழுந்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வந்தா உங்க கணக்கு உங்களுக்கே தெரிஞ்சிடும். எம்ஆர்டி ரயில்ல உக்கார எடம் கேக்கக் கூச்சமா இருந்தா இருக்கை கேக்கிற ஸ்டிக்கர் இருக்கான்னு ஸ்டேஷன் கவுண்டர்ல கேளுங்க, கிடைச்சா சட்டையில ஒட்டிக்குங்க, அப்புறம் ரயில்ல வாயைத் திறக்கவே வேணாம்.

கேள்வி: என் மனைவிக்கும் இதே நோய். அசதிக்குன்னு மாத்திரை இருக்காமே, கேட்டு வாங்கலாமா? உடற்பயிற்சி பண்ணச் சொல்றாங்க, எழுந்து நிக்கவே தெம்பில்லாதவங்க எப்படிப் பண்றது?

பதில்: தம்பி, அமான்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட்னு மூணு மாத்திரை ரொம்ப நாளா குடுத்துட்டு வர்றாங்க. 2021ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 141 பேருக்கு மூணையும் குடுத்து, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் குடுத்துப் பார்த்தாங்க, மூணும் வெறும் மாத்திரையைவிட மேல இல்ல, பக்க விளைவுதான் கூட. சில டாக்டருங்க ஆளைப் பார்த்து இன்னும் எழுதுறாங்க, அது அவங்க முடிவு, நீங்களா போய் நச்சரிக்க வேணாம்.

உடற்பயிற்சி மேல எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி. ஒரு காலத்துல இவங்களை அசையாதீங்கன்னுதான் சொன்னாங்க, இப்போ அது மாறிடுச்சு. முதல் வாரம் புளோக்குக்குக் கீழ 5 நிமிஷ நடை போதும், மறுநாள் ஆளைச் சாய்ச்சா 3 நிமிஷமா குறைங்க. நீச்சல் தெரிஞ்சா காலை நேரத்துல நீச்சல் குளத்துல இறங்கச் சொல்லுங்க, தண்ணில உடம்பு சீக்கிரம் சூடாகாது. புதுசா மரத்துப்போறதோ பார்வை மங்குறதோ வந்து 24 மணி நேரம் தாண்டியும் போகலன்னா அது வெறும் அசதி இல்ல, உடனே டாக்டருக்குப் போன் போடுங்க. காய்ச்சல் இருக்கான்னும் அப்பவே பார்த்துச் சொல்லிடுங்க, அவங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க.