கிடைத்த எலும்பைக் கழுவாதீர்கள்

கேள்வி: ஓடைக்கரைச் சரிவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய எலும்புத் துண்டு கிடைத்தது. கழுவி, உதிராமல் இருக்க வார்னிஷ் பூசலாமா? பிற்காலத்தில் அதிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியுமா?

பதில்: கழுவவும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம், தயவுசெய்து. பிரான்ஸில் 3,200 ஆண்டுப் பழைய ஒரே காட்டு மாட்டின் எலும்புகளை 1947இல் கொஞ்சம், 2004இல் மிச்சம் என்று இரண்டு தடவையாகத் தோண்டினார்கள். 2004இல் எடுத்தவற்றில் டிஎன்ஏ கிடைத்தது, 1947இல் எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தவற்றில் கிடைக்கவே இல்லை. மண்ணுக்குள் அத்தனை காலம் தாங்கியது வெளியே வந்த 57 வருடத்தில் போய்விட்டது!

தண்ணீரும் சூடும்தான் எதிரி. டிஎன்ஏ சங்கிலியை நீர் துண்டு துண்டாக வெட்டும், வெப்பம் கூடினால் வெட்டும் வேகமும் கூடும். அதனால்தான் 20 லட்சம் ஆண்டு டிஎன்ஏ கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்தது. டைனோசர் எலும்பு என்றால் டிஎன்ஏ ஆசையே வேண்டாம். புரதம் இன்னும் கெட்டி. தான்சானியாவின் லேட்டோலி சூடான இடம், ஆனாலும் அங்கே 38 லட்சம் ஆண்டுப் பழைய நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் புரதத் துணுக்கு தப்பியிருக்கிறது, ஓட்டின் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் அதை இறுகப் பிடித்து வைத்திருந்ததால். கொழுப்பு மூலக்கூறுகளின் கார்பன் சட்டகம் அதையும் தாண்டும்: ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த டிக்கின்சோனியா என்ற உயிரியின் 55.8 கோடி ஆண்டுப் பதிவில் கொலஸ்ட்ராலின் மிச்சம் இருந்தது.

சரி, வார்னிஷ் விஷயம். எலும்பின் நுண்துளைகளுக்குள் அது இறங்கிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. விலங்குப் பசை அதைவிட மோசம், ஏனென்றால் அந்தப் பசையே கொலாஜன்தான், அதாவது எலும்பிலும் தோலிலும் இருக்கும் அதே புரதம், ஆய்வுக்கருவி பசைக்காக உரித்த மாட்டைத்தான் காட்டும். அப்புறம், புதைபடிவம்தானா என்று நாக்கில் ஒட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எச்சிலில் உங்கள் டிஎன்ஏ அதில் ஏறிவிடும், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கையுறை போட்டு, ஒட்டிய மண்ணோடே எடுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் மெதுவாக ஆறவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், அதன் ரசாயனங்கள் எலும்பில் ஏறும், ஈரம் அடைபட்டுப் பூஞ்சையும் பிடிக்கும். கிடைத்த இடம், ஆழம், தேதி எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைத்து, சீக்கிரம் ஒரு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். ஏற்கெனவே கழுவிவிட்டீர்கள் என்றால் எந்தத் தண்ணீர், என்ன சோப்பு என்பதையும் மறைக்காமல் அதே சீட்டில் எழுதுங்கள்.