முதல் நாவல் எழுதுகிறவருக்குப் பாத்திரங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன?

கேட்டவர் தன் முதல் நாவலைத் தொடங்கியிருக்கிறார். கதை மனதில் இருக்கிறதாம், அதில் நடமாட ஆட்கள்தான் இல்லையாம். தெரிந்தவர்களைப் பார்த்து எழுதுவதா, முழுக்கக் கற்பனை செய்வதா என்று கேட்கிறார். நானும் இதே இடத்தில் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நான் திருகோணமலைக்காரி. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் கிட்ட ஒரு போட்டோகொப்பிக் கடையில் தட்டச்சு செய்வதும், வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. போன வருடம் என் முதல் நாவலைச் சொந்தக் காசில் 300 பிரதி அச்சடித்தேன். எழுதி முடிக்க நான்கு வருடம் எடுத்தது. அதில் முதல் இரண்டு வருடம் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் புத்தகத்தில் இல்லை.

அந்த இரண்டு வருடமும் நான் எழுதியது கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றி. கெட்டிக்காரி, துணிச்சல்காரி, தனியாக இருப்பவள். படித்த கதைகளிலிருந்தும் பார்த்த நாடகங்களிலிருந்தும் வந்தவள். எழுபது பக்கம் போன பிறகு ஒரு காட்சி வந்தது. இரவு பத்து மணிக்குப் பசியோடு வீட்டுக்கு வந்து குசினிக்குள் போகிறாள். அங்கே என்ன இருக்கிறது? பாணா, மத்தியானச் சோறா, முட்டையா? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எது பிடிக்கும் என்றும் தெரியவில்லை. எழுபது பக்கம் கூடவே வந்தவளின் குசினியில் எதைத் திறந்தாலும் வெறுமையாக இருந்தது. அன்றைக்குக் கொப்பியை மூடியவள் பல மாதம் திறக்கவே இல்லை.

சரி, பிறகு ஆள் எப்படிக் கிடைத்தது? ஒரு உள்பாவாடையிலிருந்து.

உப்புவெளியில் வீட்டு விறாந்தையில் கால்மெசின் வைத்துத் தைக்கிற ஓர் அக்கா இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அவர்தான் தைப்பார். அவர் தைத்துத் தரும் எந்த உள்பாவாடையிலும், உட்பக்கம், இடுப்பு நாடாவுக்கு ஒரு சாண் கீழே, சின்னதாக ஒரு பை இருக்கும். நான்கு விரல் அகலம். நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை, அதற்கென்று காசும் எடுப்பதில்லை. சின்ன வயதிலிருந்து அந்தப் பையைப் பார்த்து வந்த எனக்கு ஒருநாள் உடுப்பு மடிக்கும்போதுதான் உறைத்தது: யாரும் கேட்காத ஒரு வேலையை இந்த மனுசி இத்தனை வருடமாக ஏன் செய்கிறார்?

அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். வேண்டுமென்றே கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் கிடைக்கும், அதோடு முடிந்துவிடும். கேட்காமல் விட்டதால் பதிலை நானே தேட வேண்டி வந்தது. நாவலுக்கு என் முதல் ஆள் கிடைத்தது அங்கேதான்.

முதலில் தோன்றிய காரணம், சந்தைக்குப் போகிற பெண்கள் காசு வைக்க. எழுதிப் பார்த்தேன், ஒரு பந்தியோடு நின்றுவிட்டது. காசு வைக்க எல்லாருக்கும் ஓர் இடம் வேண்டும், அதனால் அந்தக் காரணம் யாருக்கும் பொருந்தும். இரண்டாவது, இடம்பெயர்ந்து ஓடும்போது நகையை ஒளிக்க. இது கொஞ்சம் கிட்ட வந்தது, ஆனால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதைதான் முதலில் வரும். இரண்டையும் விட்டுவிட்டு, அந்தப் பையை எடுத்து அளந்து பார்த்தேன். எங்கள் பழைய அடையாள அட்டை அதற்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. இலங்கையில் யுத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சோதனைச்சாவடியில் அந்த அட்டை கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். என் பாத்திரம் ஒருநாள் தன் கைப்பையைப் பக்கத்து இருக்கைக்காரியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸால் இறங்குகிறாள். பஸ் போய்விடுகிறது. அட்டையும் பஸ்ஸோடு போய்விடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததை அவள் யாருக்கும் சொல்வதில்லை. தான் தைக்கிற ஒவ்வொரு உள்பாவாடையிலும் ஒரு பை வைக்கிறாள்.

இது கிடைத்ததும் மற்றவை தாமாக வரத் தொடங்கின. இப்படிப்பட்டவள் தன் கைப்பையை யாரிடமும் கொடுக்கமாட்டாள், கோயிலில் கும்பிடும்போதுகூட. வீட்டை விட்டு இறங்குமுன் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். பேத்தி பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள் என்றால் ஆறு உள்பாவாடை தைத்துக் கொடுப்பாள். பேத்தியோ ஜீன்ஸ் போடுகிறவள், ஜீன்ஸில் ஏற்கெனவே நான்கு பை இருக்கிறது. அங்கே இருவருக்கும் சண்டை வந்தது. நான் திட்டமிடாத சண்டை அது, நாவலின் நடுப்பகுதி முழுக்க அதுதான். இவளின் குசினியில் என்ன இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. மூன்று நாளைக்குப் போதுமான அரிசி எப்போதும் ஒரு தனி டின்னில் இருக்கும். அது எனக்கு உடனே தெரிந்தது.

அதனால் கேட்டவருக்கு நான் சொல்வது இது. ஆட்களைத் தேடாதீர்கள். யாரோ ஒருவர் செய்கிற, உங்களுக்குக் காரணம் விளங்காத ஒரு சின்னச் செயலைத் தேடுங்கள். மூக்கு எப்படி, நடை எப்படி, வழுக்கையா தாடியா என்று குறித்து வைத்த கொப்பி என்னிடமும் இருந்தது. அதிலிருந்து ஒருவர்கூட எழுந்து வரவில்லை. விளங்காத செயல் ஒன்று இருந்தால், அதற்குக் காரணம் தேடும்போதே அவருக்கு ஒரு கடந்த காலம் வந்துவிடும், ஒரு பயம் வந்துவிடும், சொல்லாமல் மறைக்க ஒன்று வந்துவிடும். முதலில் வருகிற காரணத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது எல்லாருக்கும் வருவது.

தெரிந்த மனிதரை அப்படியே எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறார். நான் எழுதினேன், அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அம்மாவின் தம்பி, என் மாமா. கடை வைத்து நொடித்துப்போனவர். அவர் பேச்சு, கடன், பதில் சொல்லுமுன் தொண்டையைச் செருமுவது, எல்லாவற்றையும் 26 பக்கம் எழுதி, பெயரை மட்டும் மாற்றினேன். மேசையில் கிடந்ததை மாமி வாசித்துவிட்டார். கோபப்படவில்லை. "உனக்கெண்டு சொன்னதை ஊருக்குச் சொல்லப் போறியா பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். மாமா மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த 26 பக்கத்தையும் எடுத்துவிட்டேன். அவர் மனம் நொந்தது முதல் காரணம். எழுத்தும் நன்றாக வரவில்லை. மாமா செய்யாததை அந்தப் பாத்திரம் செய்யத் தொடங்கினால், "அவர் அப்படிச் செய்யமாட்டாரே" என்று என் கை நின்றுவிடும். அசல் மனிதர் பக்கத்திலேயே நின்றால் பாத்திரத்துக்கு நகர இடமில்லை.

பிறகு மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுக்கிறேன் என்று சொல்லி எடுத்தேன். சாப்பாட்டுப் பார்சலைச் சாப்பிட்டு முடித்ததும் சோறு சுற்றி வரும் லன்ச் சீட்டைத் துடைத்து, எட்டாக மடித்து, சேட்டுப் பையில் வைத்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தை, எங்கள் கடைக்கு ஒருநாள் வந்த வேறொருவரின் பேச்சோடு சேர்த்தேன். வந்தவர் கரைவலை இழுக்கிறவர். உள்ளங்கை முழுக்கக் கயிற்றுத் தழும்பு. படிவத்தில் 'தொழில்' என்ற இடம் வந்தது, கேட்டேன். "கடல்" என்றார். கடற்றொழிலாளி என்று எழுதவா ஐயா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்கோ பிள்ளை, ஆனா கடல்தான்" என்றார். அந்த ஒரு சொல்லின் பேச்சும் அந்த மடிப்பும் சேர்ந்தபோது இரண்டு பேரும் இல்லாத மூன்றாவது ஆள் வந்தார். புத்தகம் வந்த பிறகு மாமா வாசித்தார். "இவன் நல்ல மனுசன்" என்றார், தன் மடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சின்னப் பாத்திரங்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஒரே நிகழ்ச்சிக்கு முன்னால் நாலு பேரை நிறுத்திப் பாருங்கள், போதும். எங்கள் ஊரில் கோட்டைப் பக்க மான்கள் தெருவுக்கும் கடைவாசலுக்கும் வந்துவிடும். ஒருவர் விரட்டுவார், ஒருவர் வாழைப்பழத் தோலை நீட்டுவார், ஒருவர் கைப்பேசியை எடுப்பார், ஒரு பிள்ளை அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான், நாலு பேரும் வேறு வேறு ஆட்களாகிவிட்டார்கள்.

அடுத்தது, வயதுக் கணக்கு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் எனக்கு மிகவும் உதவியது இதுதான். பாத்திரத்துக்குப் பிறந்த வருடம் ஒன்றைக் கொடுத்து, ஊரில் நடந்தவற்றை அவர் எந்த வயதில் பார்த்தார் என்று பக்கத்தில் எழுதுங்கள். என் தையல்காரி 1950இல் பிறந்தவள். 1964 டிசம்பரில் புயல் அடித்தபோது அவளுக்கு 14 வயது, கூரை பறப்பதைக் கண்டு நினைவில் வைத்திருக்கும் வயது. 1983 ஜூலைக் கலவரத்தின்போது 33. 1990 ஜூனில் கிழக்கில் மறுபடி யுத்தம் தொடங்கியபோது 40, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடும் வயது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை, 54. அவளின் தாய் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதைப் பார்த்தவள். எங்கள் அம்மம்மாவும் அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு தீத்துவார். இந்தப் பட்டியலில் பாதிகூட நாவலில் வராது. ஆனாலும் காற்று பலமாக அடித்தால் அவள் ஏன் முதலில் கூரையைப் பார்க்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரும் இந்தக் கணக்கிலிருந்தே வரும். 1950இல் பிறந்தவளுக்குப் பூரணம், இராசம்மா என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள், பேத்திக்குத்தான் 'ஷி'யிலும் 'ஷா'விலும் முடிகிற பெயர்.

கணக்கோடு ஊரும் ஒத்துப்போக வேண்டும். 1998இல் கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் டவுனுக்கு வருகிற காட்சியில் பாலத்தால் பஸ்ஸில் வருவதாக முதலில் எழுதிவிட்டேன். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் 'பாதை'தான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம். திருத்தப் போனபோது நல்லதொரு காட்சி கிடைத்தது. பஸ்ஸில் என்றால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். பாதையில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். வாப்பாவின் கையைப் பிடித்த ஒரு பிள்ளை, இடுப்பைத் தொட்டுப் பார்த்த என் தையல்காரியிடம், "அதுக்குள்ள என்ன வச்சிருக்கிங்க?" என்று கேட்டது அங்கேதான்.

எல்லாரும் தெருவில்தான் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் திருகோணமலையில் பிறந்த சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி'யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்கிறார்கள். அவர் போய் நின்றது தஞ்சை, திருச்சி நாயக்கர் காலத்தில். சென்னையில் சுவடி நூலகத்தில் வேலை செய்தவர், அவர் கைக்கு எட்டிய இடத்தில் பழைய ஏடுகள் இருந்தன. என் கைக்கு எட்டிய இடத்தில் படிவம் நிரப்ப வருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கைக்கு எட்டிய இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். அந்தப் பை ஏன் என்று அப்போதுதான் கேட்டேன். "வெட்டின துணி மிஞ்சுதே பிள்ளை, எறியவே? அவளவளின்ர துணி அவளவளிட்டப் போகட்டும் எண்டு" என்றார். அவ்வளவுதான் காரணம். நான் என் தையல்காரியின் கதையைச் சொன்னேன், பஸ், சோதனைச்சாவடி, பேத்தி எல்லாம். மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிழமைக்குப் பிறகு போனபோது வாசித்து முடித்திருந்தார், ஒரு பக்கத்தில் நூல் வைத்து அடையாளம் செய்திருந்தார்.

"உன்ர மனுசி பைக்கு ஒற்றைத் தையல் போட்டிருக்கிறாள். அட்டை வைக்கிற பை எண்டா கீழ்ப்பக்கம் இரட்டைத் தையல் போடவேணும். அவ்வளவு பயந்த மனுசி போடாமல் விடுவாளே?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. அடுத்த பதிப்புக்காக வைத்திருக்கும் பிரதியில், அந்தப் பக்கத்தில் அதைத் திருத்தி எழுதி வைத்திருக்கிறேன்.