அலையாத்திக் காடும் நாளைய கடற்கரையும்: கேள்வி பதில்

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பொதுவாகக் கேட்காமல், காவிரிப் படுகையின் கடலோரத்தில் உள்ள பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளை (கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடுகளை) முன்வைத்துக் கேட்குமாறு வேண்டியிருந்தேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, சிதம்பரம்): ஐயா, உலகம் முழுவதும் வெப்பமாகிக் கொண்டிருக்கும்போது, கழிமுகத்தில் நிற்கும் இந்த மரங்களால் என்ன ஆகிவிடப் போகிறது?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. இந்த மரங்களால் மட்டும் அதைக் குறைத்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பது குறைய வேண்டும். அதற்கு மாற்று எதுவும் இல்லை. ஆனால் அலையாத்திக் காட்டின் சிறப்பு மரத்தைவிட மண்ணில்தான் அதிகம் இருக்கிறது. உதிர்ந்த இலையும் இற்றுப்போன வேரும் காற்றுப் புகாத சேற்றில் புதைவதால் எளிதில் மட்குவதில்லை. அவற்றிலுள்ள கார்பன் நூற்றாண்டுகளாக அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே அந்தக் காட்டை வெட்டிச் சேற்றைக் கிளறும்போது, மரத்திலிருந்த கார்பனோடு நம் முன்னோர் காலத்திலிருந்து சேர்ந்திருந்ததும் வெளியேறிவிடுகிறது. புதிதாக நடுவதைவிட இருப்பதைக் காப்பது முதல் வேலை என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேள்வி (மீனவர், கிள்ளை அருகே): சுனாமியின்போது காடுதான் எங்கள் பக்கத்து ஊர்களைக் காப்பாற்றியது என்கிறார்கள். சிலர் அப்படி இல்லை என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையோரத்தில் நடந்த ஆய்வுகள், மரங்கள் அடர்ந்திருந்த பகுதிகளுக்குப் பின்னால் சேதம் குறைவாக இருந்ததைக் காட்டின. அந்த ஊர்கள் சற்று மேடான இடத்தில், கடலிலிருந்து தள்ளி இருந்ததும் ஒரு காரணம் என்று வேறு சில ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த மறுப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

காற்றால் எழும் சாதாரண அலைகளைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. நூறு மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு, அதன் அடர்த்தியைப் பொறுத்து, அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கிறது. புயலோடு ஏறி வரும் கடல்நீரைக் குறைப்பதற்கோ நூறு மீட்டர் போதாது, கிலோமீட்டர் கணக்கில் காடு வேண்டும். எனவே காடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் புயல் எச்சரிக்கையைப் புறக்கணித்துவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடே பெரும் சேதம் கண்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், சீர்காழி): பிச்சாவரத்தில் ஒரு காலத்தில் பெரும் பரப்பு பொட்டலாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மரம் வெட்டியதால்தான் என்றால், வெட்டிய இடத்தில் மறுபடியும் ஏன் முளைக்கவில்லை?

மிக முக்கியமான கேள்வி இது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகள், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை முழுவதுமாக வெட்டி எடுப்பதும், அது தானாகத் தழைத்துவிடும் என்று விட்டுவிடுவதுமே நடைமுறையாக இருந்தது. மற்ற காடுகளுக்குப் பொருந்திய அந்த முறை இங்கே பொருந்தவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த நீர் வற்றியது. மண் அமிழ்ந்து, வெட்டிய பகுதியின் நடுப்பாகம் தொட்டிபோல் பள்ளமானது. ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறும்போது உள்ளே வந்த நீர் வடியும்போது வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி, கோடையில் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. இப்படியே ஆண்டுதோறும் உப்பு ஏறியதால் எந்த விதையும் அங்கே வேர்விட முடியவில்லை.

அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். தாங்கும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வறண்ட நாள்களில் விரலில் உப்புப் பொடி நறநறக்கும். அந்த மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் வேர்களோ மூச்சு விடுவதற்காகச் சேற்றுக்கு மேலே குத்துக் குத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும். நாள்தோறும் ஓதம் ஏறி இறங்கி அந்த உப்பைக் கழுவிச் செல்லும் வரையில்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். நீர் தேங்கி அந்த வேர்கள் மூழ்கியே கிடந்தால் மரம் மூச்சுத் திணறிச் சாகும்.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து இதற்குத் தீர்வு கண்டன. இயற்கையான ஓடையிலிருந்து சாய்வாகப் பெரிய வாய்க்கால்களையும், அவற்றிலிருந்து கிளை வாய்க்கால்களையும் மீன்முள் வடிவில் வெட்டி, தேங்கிய நீர் வடியவும் புது நீர் ஏறவும் வழி செய்தார்கள். வாய்க்காலின் சரிவில், ஓதம் ஏறும்போது நனைந்து இறங்கும்போது வெளிப்படும் உயரத்தில் கன்றுகளை நட்டார்கள். பொட்டலாகக் கிடந்த இடம் பசுமையானது. காடு அழிந்ததற்கும் மீண்டதற்கும் நீரின் போக்குவரத்தே காரணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று நம் கரையில் வேறு இல்லை.

கேள்வி (பொறியாளர், நாகப்பட்டினம்): கடல்மட்டம் உயர்ந்தால் இந்தக் காடுகள் என்ன ஆகும்?

2006-க்கும் 2018-க்கும் இடையில் உலகச் சராசரிக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. இந்த வேகம் கூடிக்கொண்டே வருகிறது. அலையாத்திக் காடு வண்டலைப் பிடித்துத் தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஆனால் உயர்வு ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் ஈடுகொடுக்க இயலாது என்பதே கடந்த கால மண்படிவங்களிலிருந்து அறிவியலாளர்கள் கண்டது.

அதிலும் நம் படுகைக்கு இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, வண்டல் வருவதில்லை. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின், மேலே இருந்து வரும் மண்ணில் பெரும்பங்கு அணைகளிலேயே தங்கிவிடுகிறது. ஆற்று மணலையும் நாம் அள்ளிவிடுகிறோம். மற்றொன்று, பின்வாங்க இடமில்லை. கடல் ஏறினால் காடு உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தாக வேண்டும். அங்கே சாலையும் கரையும் இறால் குட்டையும் நிற்கின்றன. தங்கள் துறையினர் கழிமுகத்தின் பின்புறம் புதிய கரை எழுப்பும் முன், ஐம்பது ஆண்டு கழித்து இந்தக் காடு எங்கே போகும் என்ற கேள்வியை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (விவசாயி, வேதாரண்யம்): இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பே வந்ததே?

வந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கட்டுமானமும் தொழிலும் கட்டுப்படுத்தப்பட்ட கடலோரப் பகுதியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. பின்னர் 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், உரிமம் பெற்று நடத்த வழிசெய்தது. உரிமம் இருக்கிறதா, கழிவுநீர் எந்த வாய்க்காலில் விடப்படுகிறது என்ற இரண்டையும் கேட்கும் உரிமை தங்கள் ஊராட்சிக்கு உண்டு.

கேள்வி (வணிகர், கும்பகோணம்): உலகைக் கெடுத்தவை பணக்கார நாடுகள். நம் பிள்ளைகளுக்காக நாம் ஏன் சுமக்க வேண்டும்?

தங்கள் கோபம் சரியானது. ஓர் இந்தியர் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுதான் கணக்காகிறது. உலகச் சராசரி அதைப் போல் இருமடங்குக்கும் மேல். பன்னாட்டு மன்றங்களில் இதை உரத்துச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அலையாத்திக் காட்டைக் காப்பது பிறர் கடனை நாம் அடைப்பதாகாது. அங்கே வளரும் இறால் குஞ்சும் நண்டும் மடவையும் கொடுவாயும் நம் மீனவர் வலையில்தான் விழப்போகின்றன. உப்பேறாமல் தப்பும் கிணறும் நம்முடையதே.

கேள்வி (ஊராட்சி உறுப்பினர், முத்துப்பேட்டை பக்கம்): எங்கள் ஊரில் உப்புப் பூத்த சதுப்பு நிலம் இருக்கிறது. கன்று நடத் தொண்டர்கள் தயாராக இருக்கிறார்கள். எப்போது தொடங்கலாம்?

கன்றுகளைச் சற்றே தள்ளிவையுங்கள். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஓதம் எந்த மூலை வழியாக உள்ளே வருகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நேரத்தில் வடிகிறது என்பதை ஒரு கோடையிலும் ஒரு மழைக்காலத்திலும் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மீன் பிடிப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர்களைக் கேட்காமல் எதையும் வெட்ட வேண்டாம். அந்தக் குறிப்போடு வனத்துறையிடம் செல்லுங்கள். கடற்கரை மண்டலத்தில் அனுமதியின்றி மண்வெட்டி இறங்கக் கூடாது. எப்போதும் உப்பாகவே இருந்த, பறவைகள் வந்து மேயும் திறந்த சேற்றுவெளியாக அது இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்; அங்கே காடு வளர்ப்பது கேடு. முன்பு காடு இருந்த இடம்தான் என்று பெரியவர்கள் சொன்னால் வாய்க்காலை வெட்டுங்கள். முதலில் வெண்கண்டலையும், ஓடை ஓரத்தில் முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும் சுரபுன்னை நாற்றுகளையும் நடலாம். பிறகு ஆண்டுதோறும் வாய்க்காலில் படியும் வண்டலைத் தூர்வார ஆளும் பணமும் வேண்டும். நடவு நாளில் கூடும் கூட்டத்தைவிட அந்தத் தூர்வாரலே முக்கியம்; அதற்கு ஒதுக்கும் தொகையை ஊராட்சித் தீர்மானத்தில் இப்போதே எழுதிவையுங்கள்.