டாக்டரம்மா பதில்கள்: அந்தச் சீட்டை நானும் எழுதியிருக்கிறேன்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. கோயம்புத்தூரில் படிக்கிறான். தீபாவளிக்கு வந்தவன், "ஆத்தா, நான் பொம்பளப் பிள்ளைதான், எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்தே அப்படித்தான்" என்று சொல்லி அழுதான். ஏழு வயதில் புதுமை (எங்கள் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்கிற சடங்கு) செய்தபோதே பெரியவளின் பட்டுப் பாவாடையைக் கேட்டு அழுதவன். அன்று நாங்கள் சிரித்துவிட்டு விட்டோம். இப்போது ஒரு டாக்டரிடம் காட்டினோம். இது மனநோய், சேர்த்துவிடுங்கள், கரண்ட் வைத்தால் மாறிவிடும் என்கிறார். மருத்துவப் புத்தகத்திலேயே நோய் என்று போட்டிருப்பதாக உறவுக்காரப் பையன் போனில் காட்டினான். இவனுக்குக் கல்யாணம் ஆகி, எங்கள் கோயில் கணக்கில் தம்பதியாகப் புள்ளி சேர வேண்டாமா? பிள்ளையார் நோன்புக்கு வருகிறேன் என்கிறான். வளவில் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், காரைக்குடி பக்கம்

பதில்: ஆச்சி, முதல் காரியமாக, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். கரண்ட் சிகிச்சை கடுமையான மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சைதான், நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பதை அது மாற்றாது. மாற்றுகிறேன் என்று ஒரு டாக்டர் கிளம்பக் கூடாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை போட்டார். மறு வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது.

பையன் போனில் காட்டியது பொய் இல்லை. பழசு. உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்கெல்லாம் குறியீடு போட்டு ஐசிடி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் பத்தாம் பதிப்பில் மனநோய் அத்தியாயத்துக்குள் எஃப் 64 என்ற எண்ணில் இது இருந்தது. 2019 மே மாதம் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பதினோராம் பதிப்பில் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். 'பாலினப் பொருத்தமின்மை' என்று பெயரை மாற்றி, பாலியல் நலம் பற்றிய தனி அத்தியாயத்தில் வைத்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இதை நான் ஏதோ செய்தி வாசிப்பதுபோலச் சொல்ல முடியாது. 1990களின் கடைசியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். உங்கள் பிள்ளை வயதுதான். கூட வந்த அப்பா, "எப்படியாவது ஆம்பளையா ஆக்கிக் குடுங்க" என்று என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எஃப் 64.0 என்று சீட்டில் எழுதி, ஹாலோபெரிடால் கொடுத்தேன். அது மனச்சிதைவுக்குக் கொடுக்கிற மாத்திரை. இதற்கு அதைக் கொடுக்கச் சொல்லி அந்தப் பட்டியலில்கூட ஒரு வரி இல்லை. பெரிய டாக்டர்கள் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். மூன்றாம் மாதம் வந்தபோது அந்தப் பிள்ளைக்கு விரல் விறைத்துப்போயிருந்தது. "கோலப்பொடி கையில நிக்க மாட்டேங்குது மேடம்" என்றது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் விடியுமுன் கோலம் போடுவதுதான் அதற்கு இருந்த ஒரே சந்தோஷம். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். அப்புறம் அது வரவே இல்லை. வீட்டை விட்டுப் போய்விட்டதாக அப்பா மட்டும் வந்து சொன்னார், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. இன்று வரை நான் அந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே, உங்கள் பிள்ளையை மகள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புள்ளி விஷயம் கோயில் முறை. நான் நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை, அதில் வாய் வைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் நோன்பன்று திரி ஏற்றி உண்கிற இழைக்கு மாவு பிசைவது நீங்கள்தானே? மகளுக்கும் சேர்த்துப் பிடியுங்கள். முகப்பில் நின்று எட்டிப் பார்க்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். பங்காளிகளுக்குச் சொல்ல வேண்டியதை, கூட்டம் கூடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு ஐயாவிடம் மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மற்றவர்கள் வாய் அடங்கும்.

கேள்வி: நோயே இல்லை என்றால் ஐசிடி பட்டியலில் எதற்கு வைக்க வேண்டும்? முழுவதுமாக எடுத்துவிட வேண்டியதுதானே? அமெரிக்கர்கள் இன்னும் மனநோய்ப் பட்டியலில்தானே வைத்திருக்கிறார்கள்?
– உளவியல் மாணவர், காரைக்குடி

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஐசிடியில் கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் தனி அத்தியாயமே உண்டு. பிள்ளை பெறுவது நோயா? மருத்துவமனை தேவைப்படுவதால் எண் இருக்கிறது. ஹார்மோன், அறுவை சிகிச்சை என்று வருபவருக்கு எண் எதுவுமே இல்லாவிட்டால் காப்பீட்டுக்காரர் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் மனநோய்ப் பட்டியலான டிஎஸ்எம் நூலில் 1980இல்தான் இதைச் சேர்த்தது. ஓரினச்சேர்க்கையை நோய் இல்லை என்று அதே சங்கம் 1973இலேயே முடிவு செய்திருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 2013 பதிப்பில் 'கோளாறு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'ஜெண்டர் டிஸ்ஃபோரியா' என்றார்கள். அதாவது அடையாளம் நோய் இல்லை, அதனால் வரும் வேதனைக்குத்தான் பெயர். இது எனக்குப் பாதி வழிதான். வேதனை எங்கிருந்து வருகிறது? மெக்சிகோ நகரில் 250 திருநர்களிடம் பேசி ஒரு ஆய்வு செய்தார்கள், 2016இல் வெளியானது. வீட்டிலும் வெளியிலும் ஒதுக்கியதும் அடித்ததும்தான் அவர்களுடைய மன வேதனையோடு அதிகம் ஒட்டிப்போயின, அடையாளம் அல்ல. ஐசிடி மாறியதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். பதினோராம் பதிப்பில் வேதனை இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஒரு விஷயத்தில் எனக்கு ஐசிடியோடும் சண்டை உண்டு. பருவம் வராத சிறுவர்களுக்கும் தனியாக ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அந்த வயதில் மாத்திரையும் கிடையாது, ஊசியும் கிடையாது. பாவாடை கேட்டு அழும் ஏழு வயதுப் பிள்ளைக்கு எண் எதற்கு? பள்ளிக்கூடத்தில் கேலி செய்தால் தடுக்க ஒரு டீச்சர் போதும். பெரியவர்களுக்கான எண் இருக்கட்டும், பிள்ளைகளுடையதை எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. எண் இருந்தால்தான் பெற்றோருக்கு ஆலோசனை கிடைக்கும் என்று வாதாடும் மருத்துவ நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் திருநங்கை. புதுவயலில் டிபன் கடை வைத்திருக்கிறேன். நோய் இல்லை என்கிறீர்கள். ஆனால் எனக்கு ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை, அழுகை வருகிறது. மனநல டாக்டரிடம் போனால் "அதனால்தான்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, போங்கள். தூக்கமின்மைக்கும் அழுகைக்கும் போங்கள், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. கடைக் கடனோ, யாரையாவது இழந்ததோ, எது காரணமோ அதைப் பேசுங்கள். டாக்டர் உங்கள் புடவையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு ஒருவரிடம் போகலாம். செவ்வாய், வெள்ளி மாலை நான் வீட்டு முகப்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால் விலாசம் தருவார்கள்.