நாக்கு, குடல், சுவரொட்டி (மண்ணீரல்): கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையில் 19 வருடம் மெஸ் நடத்தினேன். இப்போது பெரம்பூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். போன வாரம் மாட்டு நாக்கு சமைத்ததைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. தொடைக்கறியும் சாப்ஸும் மட்டும்தான் கறி என்று ஊரே மாறிவிட்டதாக நினைத்திருந்தேன், அப்படி இல்லை போல. சரி, வந்த வரிசையிலேயே எடுக்கிறேன்.

மாட்டு நாக்கு சென்னையில் எங்கே கிடைக்கும்? கடையில் தொங்கிப் பார்த்ததே இல்லையே. (அம்பத்தூர்)

தொங்காது தம்பி. ஒரு மாட்டுக்கு ஒரு நாக்குதான், அதுவும் தெரிந்தவர் யாராவது ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார். புளியந்தோப்பு ஆடுதொட்டியை (ஆடுமாடு அறுக்கிற இடம்) சுற்றி இருக்கிற மாட்டுக்கறிக் கடைகளில் கேளுங்கள், ஆனால் போன அன்றே கிடைக்கும் என்று போகாதீர்கள். இரண்டு வாரம் வழக்கமாகக் கறி வாங்குங்கள், மூன்றாவது வாரம் "அண்ணே, நாக்கு வந்தா எடுத்து வைங்க" என்று சொல்லிப் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். டிசம்பரில் மட்டும் ஆசைப்படாதீர்கள். எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியர் வீடுகள் நிறைய, கிறிஸ்துமஸுக்கு அவர்கள் முன்பே சொல்லி வைத்துவிடுவார்கள்.

பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கிலோ இருக்கும். தோல் கறுப்பாகவோ திட்டுத்திட்டாகவோ இருந்தால் பயப்பட வேண்டாம், அது மாட்டின் நிறம், கெட்டுப்போனது இல்லை. தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக்கூடாது, மூக்கருகே வைத்தால் புளிப்பு வாடை வரக்கூடாது. தொண்டைப் பக்கம் கொழுப்பும் சுரப்பியும் சின்ன எலும்பும் சேர்ந்து ஒரு கட்டியாக வரும், அதைக் கடையிலேயே வெட்டச் சொல்லுங்கள். எடை போட்ட பிறகு வெட்டச் சொல்லாதீர்கள்.

குக்கரில் 6 விசில் விட்டேன். தோலும் உரியவில்லை, கறியும் ரப்பர் மாதிரி இருந்தது. யூடியூபில் வெள்ளைக்காரர் சொன்னபடிதான் செய்தேன். (கோயம்புத்தூர்)

வெள்ளைக்காரர் வாங்குவது இரண்டு வயது கறிமாடு அம்மா. நம் ஊரில் 1958ஆம் வருடத்துச் சட்டப்படி 10 வயது தாண்டி, உழவுக்கோ இனவிருத்திக்கோ உதவாத மாட்டையோ, அடிபட்டோ தீராத நோயாலோ அப்படி ஆன மாட்டையோதான் சான்றிதழ் வாங்கி அறுக்கலாம். பத்து வருடம் வைக்கோல் மென்ற நாக்கு ஆறு விசிலுக்கு மசியுமா?

நான் செய்கிற விதம் இது. நாக்கை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, முழுதாக ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நுரைத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். அப்புறம் குக்கரில் புதுத் தண்ணீர், மஞ்சள்தூள், இரண்டு வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, பத்து மிளகு. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து ஒரு மணி நேரம். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். திறந்து, தடியான அடிப்பக்கத்தில் கம்பியைக் குத்தினால் வெந்த சேனைக்கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். இறங்கவில்லையா, இன்னும் இருபது நிமிடம். குக்கர் இல்லாமல் சட்டியில் என்றால் மூன்றரை, நாலு மணி நேரம் ஆகும்.

தோலைச் சூட்டோடு சூடாக உரிக்க வேண்டும். ஆறினால் ஒட்டிக்கொள்ளும், பிறகு கத்தியால் செதுக்கிக் கறி பாதி போய்விடும். வெந்த நாக்கின் மேல் தோல் வெளுத்து, ஓரத்தில் கொப்புளம் போலத் தூக்கியிருக்கும். ஒரு கையில் துண்டைச் சுற்றி நாக்கைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தில் தோலை நகத்தால் கிளப்பி இழுத்தால், ஈரமான சாக்ஸைக் கழற்றுகிற மாதிரி நுனிவரை வரும். நுனியில் மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும், அங்கே கத்தி வைக்கலாம். மொத்தமும் அடம் பிடித்தால் உங்கள் கையில் தப்பில்லை, நாக்கு வேகவில்லை. திரும்பக் குக்கருக்குள் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உரித்ததும் அதே தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே விரல் கனத்தில் வில்லை போடுங்கள். இரும்பு வாணலியில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, கடைசியில் ஒன்றிரண்டாய் இடித்த மிளகும் சோம்பும், அவ்வளவுதான். தக்காளி போடுகிறவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன், ஆனால் எனக்கு வேண்டாம்.

ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சாப்பிட்ட உப்பு நாக்கு செக்கச்செவேல் என்று இருந்தது. எப்படி? (போத்தனூர்)

அந்தச் சிவப்பு வெடியுப்பால் (பொட்டாசியம் நைட்ரேட்) வருவது. எதிர்வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தபடி நாக்கு முழுக்க முள்கரண்டியால் குத்தி, கல் உப்பும் நாலைந்து எலுமிச்சம்பழச் சாறும் தேய்த்து, பீங்கான் பாத்திரத்தில் வைத்து, மேலே ஒரு கனத்தைத் தூக்கி வைத்து ஃபிரிட்ஜில் மூன்று நாள். காலையும் மாலையும் திருப்பிப் போட வேண்டும். அப்புறம் கழுவி, மேலே சொன்னபடி வேகவைத்து உரித்து, ஆறவைத்து மெல்லிய வில்லையாக வெட்டி ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். அவர்கள் வீட்டில் வெடியுப்பு ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள், நான் சேர்ப்பதில்லை. அளவு மீறினால் விஷம், உரக்கடையில் கிடைப்பது சாப்பாட்டுக்கானதும் இல்லை. அது இல்லாவிட்டால் நாக்கு சாம்பல் நிறமாக இருக்கும், ருசியில் பெரிய குறை தெரியாது.

ஆட்டு நாக்கு? (சிவகாசி)

தலைக்கறியோடு வந்துவிடும். தனியாக வேண்டுமென்றால் நாலைந்து சேர்த்து வாங்குங்கள், ஒன்று ஒருவாய்க்குக் காணாது. குக்கரில் 25 நிமிடம், உரிப்பது அதேபோல் சூட்டோடு.

குடல் எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை. வீட்டில் சண்டை. (திருச்சி)

கழுவுவதால் போகாது, சுரண்டினால்தான் போகும். சென்னையில் போட்டி என்பார்கள். ஒரு செட்டில் இரைப்பையும் இருக்கும், சிறுகுடலும் இருக்கும், இரண்டுக்கும் வேலை வேறு. இரைப்பையில் குளியல் துண்டு மாதிரி பொசுபொசுவென்று இருப்பதைக் கைபொறுக்கும் சூட்டை விடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்துக் கத்தியின் முதுகால் சுரண்டினால் கறுப்புத் தோல் வழிந்து வெள்ளையாகிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது, கொதித்தால் தோல் இறுகி ஒட்டிக்கொள்ளும், மெஸ்ஸில் ஒருமுறை பத்து செட்டைப் புதுப்பையன் இப்படித்தான் பாழாக்கினான். ஏடு ஏடாக இருக்கிற துண்டைப் புத்தகம் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு ஏடாக விரித்துக் கழுவ வேண்டும், மண் அங்கேதான் ஒளிந்திருக்கும். குழாய்க்குடலை ஈர்க்குச்சியில் கோத்து உள்பக்கத்தை வெளியே திருப்பி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் கசக்குங்கள். கடைசியில் மஞ்சள் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் குழம்புக்குப் போக வேண்டும். "சுத்தம் செய்தது" என்று பாக்கெட்டில் வருவதையும் நான் இன்னொரு தரம் செய்வேன்.

ஒரு வயதுக் குழந்தைக்குச் சுவரொட்டி கொடுக்கச் சொல்கிறார் மாமியார். அது என்ன, எப்படிக் கொடுப்பது? (சேலம்)

மண்ணீரல்தான் சுவரொட்டி. சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள், எறிந்து பார்க்க வேண்டாம். மாமியார் சொல்வது சரிதான், இரும்புச்சத்து ஈரலைவிட இதில் அதிகம். ஆட்டுக்கு ஒன்றுதான், உள்ளங்கை அகலம், கறுஞ்சிவப்பு. கம்பியில் குத்தித் தணலிலோ அடுப்புத் தீயிலோ திருப்பித் திருப்பிக் காட்டுங்கள், மேல்தோல் சுருங்கி வெடிக்கும். பிறகு இட்லிப் பானையில் பத்து நிமிடம் வேகவைத்து, நடுவில் கீறி ஸ்பூனால் வழித்தால் உள்ளே இருப்பது களி மாதிரி வரும், தோல் தனியாக நிற்கும். சிவப்பு ஈரம் துளியும் இருக்கக்கூடாது. சோற்றில் அரை ஸ்பூன் பிசைந்து கொடுத்துப் பாருங்கள். குழந்தைக்கு ரத்தசோகை என்று டாக்டர் சொல்லியிருந்தால் சுவரொட்டியை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள் அம்மா.

ஈரல் செருப்பு மாதிரி ஆகிவிடுகிறது. (கரூர்)

அதிகம் வேகவைக்கிறீர்கள், உப்பையும் முதலிலேயே போடுகிறீர்கள். நாக்குக்கு மணிக்கணக்கு என்றால் ஈரலுக்கு ஏழெட்டு நிமிடம். சுண்டுவிரல் கனத்தில் வெட்டி, வெங்காயம் வதங்கியபின் போட்டுப் புரட்டி, நடுத்துண்டைப் பிய்த்தால் ரத்தம் வராத நேரத்தில் உப்பும் மிளகும் போட்டு இறக்குங்கள். மகள் மாசமாக இருக்கிறாள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கர்ப்பிணிக்கு ஈரல் வேண்டாம். நூறு கிராம் ஆட்டு ஈரலிலேயே வைட்டமின் ஏ ஒரு நாளைக்கான உச்ச அளவைத் தாண்டிவிடும், அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

வாங்கிய ஈரலில் தண்ணீர்க் கொப்புளம் மாதிரி வெள்ளையாக இரண்டு இருந்தது. வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாமா? (தேனி)

வேண்டாம், முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். அது நாடாப்புழுவின் நீர்க்கட்டியாக இருக்கலாம். முக்கியமாகத் தெருநாய்க்குப் போட்டுவிடாதீர்கள். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் புழு வளரும், கழிவில் முட்டை வரும், அந்த முட்டை கை வழியாக நம் வாய்க்கு வந்தால் நம் ஈரலிலும் கட்டி வரும். கடைக்காரர் "அது ஒண்ணும் பண்ணாதுண்ணே" என்பார். கடையை மாற்றுங்கள்.

நியூ ஜெர்சியில் ஈரல், குடல் கிடைக்கிறது, நுரையீரல் மட்டும் எங்கேயும் இல்லை. ஏன்?

அங்கே 1971லேயே ஆடுமாட்டு நுரையீரலை மனிதர் சாப்பிட விற்கக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். ஊருக்கு வரும்போது சாப்பிடுங்கள்.

எங்கள் பாய் கடையில் ரத்தம் கேட்டால் முறைக்கிறார். (வேலூர்)

முறைக்காமல் என்ன செய்வார், அவர்கள் மார்க்கத்தில் ரத்தம் விலக்கு. கிடாவெட்டு நடக்கிற ஊர்ப்பக்கம், இல்லையென்றால் ரத்தம் பிடித்து விற்கிற வேறு கடை பாருங்கள். வாங்கிய அன்றே சமைக்க வேண்டும், மறுநாளைக்கு வைக்கிற பொருள் இல்லை அது.

யூரிக் ஆசிட் இருக்கிறது, கொலஸ்ட்ராலும் இருக்கிறது. குடல் கறி சாப்பிடலாமா? (தாம்பரம்)

யூரிக் ஆசிட் ஏறிக் கால் பெருவிரல் மூட்டு வீங்கியிருக்கிற ஆளுக்கு ஈரலும் குண்டிக்காயும் (சிறுநீரகம்) ஆகவே ஆகாது. மூளையில் கொலஸ்ட்ரால் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். குடலைப் பற்றி உங்கள் டாக்டரைக் கேளுங்கள், எனக்கே இப்போது மூளை தீபாவளிக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போனால் எல்லாம் கிடைக்கும்? (பெரம்பூர்)

நம் ஏரியாவா! ஐந்தரைக்குப் போங்கள், எட்டு மணிக்கு மேல் கழுத்துக்கறிதான் மிஞ்சும். சுவரொட்டி மட்டும் கேட்காதீர்கள், நாளைக்கு வருவதை எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.