நெதர்லாந்தில் முதியோருக்கான பயணக் கட்டணச் சலுகை: கேள்வி பதில்

நெதர்லாந்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களின் பெரியவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வந்து சில மாதங்கள் தங்கும் பெற்றோரும் பேருந்து, டிராம், மெட்ரோ, ரயில் ஆகியவற்றின் கட்டணச் சலுகை குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு, இந்நாட்டில் நெடுங்காலமாக வசிக்கும் உறுப்பினர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார். கட்டணத் தொகைகள் ஆண்டுதோறும் ஜனவரியில் மாறக்கூடியவை என்பதால், மாறும் தொகைகள் ஏறத்தாழவே தரப்பட்டுள்ளன.

கேள்வி (ஆம்ஸ்டல்வேன்): என் அம்மாவுக்கு 68 வயது. டிராமில் ஏறும்போது பாஸ்போர்ட்டைக் காட்டினால் முதியோர் சலுகை கிடைக்குமா, ஐயா?

பதில்: கிடைக்காது, அம்மா. நம் ஊரில் மூத்த குடிமக்கள் அடையாள அட்டையை நடத்துநரிடம் நீட்டிச் சலுகை பெற்றுப் பழகியவர்களுக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். இங்கே சலுகையைத் தீர்மானிப்பவர் ஓட்டுநரோ நடத்துநரோ அல்லர்; கதவருகில் உள்ள கருவிதான். அந்தக் கருவிக்கு உங்கள் தாயாரின் நரைத்த தலை தெரியாது, அட்டையில் பதிந்துள்ள பிறந்த தேதி மட்டுமே தெரியும்.

நெதர்லாந்தின் பொதுப் போக்குவரத்துப் பயண அட்டையான ஓவி-சிப்கார்ட்டில் இரண்டு வகை உண்டு. பெயரும் படமும் இல்லாமல், இயந்திரத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது ஒன்று. பெயர், நிழற்படம், பிறந்த தேதி ஆகியவற்றோடு ஒருவருக்கென்றே வழங்கப்படும் தனிநபர் அட்டை மற்றொன்று. இரண்டின் விலையும் 7.50 யூரோதான். ஆனால் 65 வயது நிறைந்தவர்களுக்கும், 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் பேருந்து, டிராம், மெட்ரோவில் கிடைக்கும் 34 விழுக்காடு வயதுச் சலுகை, தனிநபர் அட்டையில்தான் தானாகவே கணக்கிடப்படும். ஏறியதற்கான அடிப்படைக் கட்டணம், கிலோமீட்டருக்கான கட்டணம் இரண்டிலுமே இந்தச் சலுகை உண்டு. ஆகவே முழுக் கட்டணம் 3 யூரோ ஆகும் பயணத்துக்கு உங்கள் தாயார் 1.98 யூரோ செலுத்தினால் போதும். இதற்கென்று விண்ணப்பமோ மாதச் சந்தாவோ தேவையில்லை.

கேள்வி (ராட்டர்டாம்): முன்பெல்லாம் இளஞ்சிவப்பு நிறக் காகிதச் சீட்டு வாங்கினாலே சலுகை கிடைத்ததே? இப்போது ஏன் இத்தனை கெடுபிடி?

பதில்: நீங்கள் சொல்வது ஸ்ட்ரிப்பன்கார்ட் என்ற பட்டைச் சீட்டு. முழுக் கட்டணத்துக்கு நீலம், சலுகைக்கு இளஞ்சிவப்பு என்று இருந்தது. பயணத் தொலைவுக்கு ஏற்பப் பட்டைகளை மடித்து முத்திரையிட்டுக்கொள்வோம். உங்கள் ஊர் மெட்ரோவில் அது 2009-லேயே நின்றுபோனது. நாடு முழுவதும் 2011 நவம்பர் 3-ஆம் நாளோடு விலக்கிக்கொள்ளப்பட்டது. காகிதச் சீட்டில் ஒருவரின் வயதை மனிதக் கண் சரிபார்த்தது, இன்று அதை அட்டையின் சில்லு செய்கிறது. கெடுபிடி என்பதைவிட, வேலை பயணியின் தலையில் வந்து விழுந்திருக்கிறது என்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அட்டையை வாங்கி, தேதியைப் பதிந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் மறவாமல் கருவியில் வைப்பது வரை எல்லாவற்றையும் எழுபது வயதுக்காரர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி (ஐந்தோவன்): என் பெற்றோர் மூன்று மாதம் தங்க வருகிறார்கள். அவ்வளவு குறுகிய காலத்துக்குத் தனிநபர் அட்டை வாங்குவது வீண் செலவா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அட்டைக்கு ஆகும் 7.50 யூரோவை 34 விழுக்காடு சலுகையால் மீட்க, முழுக் கட்டணத்தில் ஏறத்தாழ 22 யூரோ அளவுக்குப் பேருந்திலோ டிராமிலோ பயணம் செய்தால் போதும். வாரத்துக்கு இரண்டு முறை கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வரும் பெற்றோர் முதல் மாதத்திலேயே அந்தத் தொகையைத் தாண்டிவிடுவார்கள். அதோடு, பெயரில்லாத அட்டைக்கும் அதே விலைதான். எப்படியும் ஓர் அட்டை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கூடுதல் செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இடர் வேறோர் இடத்தில் இருக்கிறது. தனிநபர் அட்டையை இணையத்தில் கேட்டுப் பெறுவதற்கு நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, லக்சம்பர்க் ஆகிய நாடுகளில் ஒன்றில் அஞ்சல் முகவரி வேண்டும். சென்னை முகவரியையோ யாழ்ப்பாண முகவரியையோ படிவம் ஏற்காது. ஆகவே உங்கள் வீட்டு முகவரியைக் கொடுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், ஏனெனில் பரிசோதகர் அடையாளச் சான்று கேட்டால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நம் பெரியவர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்த்தபோது கொடுத்த தேதி ஒன்று, உண்மையான தேதி வேறொன்று என்று இருக்கும். இங்கே எடுபடுவது பாஸ்போர்ட்டில் உள்ளதுதான். அட்டை தபாலில் வந்து சேரச் சில நாட்கள் ஆகும் என்பதால், அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் இங்கிருந்து பதிவு செய்துவிடுவது நல்லது.

கேள்வி (உத்ரெக்ட்): அப்பாவுக்கு 66 வயது, தனிநபர் அட்டையும் இருக்கிறது. பேருந்தில் சலுகை விழுகிறது. ஆனால் ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் போனபோது முழுக் கட்டணமும் பிடித்துவிட்டார்கள். அட்டையில் கோளாறா?

பதில்: அட்டையில் கோளாறு ஏதும் இல்லை, தம்பி. எனக்கு வரும் கேள்விகளில் மிகுதியானவை இதைப் பற்றியவைதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். அட்டை ஒன்றாக இருந்தாலும் பேருந்துக்கும் ரயிலுக்கும் சலுகை முறை வேறு வேறு. நாட்டின் முதன்மை ரயில் நிறுவனமான என்எஸ்ஸில், 65 வயது ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் கட்டணம் குறையாது. அங்கே இரண்டு விஷயங்கள் சேர வேண்டும்: அட்டையில் ஒரு சந்தா ஏற்றப்பட்டிருக்க வேண்டும், பயணம் நெரிசல் இல்லாத நேரத்தில் அமைய வேண்டும்.

பெரியவர்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது டால் ஃபோர்டேல் என்ற சந்தா. மாதக் கட்டணம் ஆறு யூரோவை ஒட்டி இருக்கும். அதற்கு ஈடாக நெரிசல் இல்லாத நேரங்களில் 40 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.00 வரையிலும், மாலை 4.00 முதல் 6.30 வரையிலும் நெரிசல் நேரம். மற்ற வேளைகளிலும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களிலும் தள்ளுபடி உண்டு. முழுக் கட்டணத்தில் மாதத்துக்கு 15 யூரோ அளவுக்கு ரயிலில் போகிறவருக்குச் சந்தா அதன் செலவை ஈடுகட்டிவிடும். உத்ரெக்டிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒருமுறை போய்வந்தாலே அந்தத் தொகை தாண்டிவிடுகிறது என்பதால், உங்கள் தந்தை மாதம் ஒருமுறை பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார் என்றால்கூட இது லாபம்தான். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் ரயில் ஏறுகிறவருக்கு வேண்டாம்.

இன்னொரு பயனும் உண்டு. சந்தா வைத்திருப்பவரோடு சேர்ந்து நெரிசல் இல்லாத நேரத்தில் பயணம் செய்பவர்களில் மூன்று பேர் வரை அதே 40 விழுக்காட்டைப் பெறலாம். ஆகவே எப்போதும் சேர்ந்தே போகும் கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் சந்தா இருந்தால் போதும். ஆனால் உடன் வருபவர் சும்மா அட்டையை வைத்துவிட்டு ஏறினால் முழுக் கட்டணம்தான். கூட்டுப்பயணச் சலுகையை நிலைய இயந்திரத்தில் தம் அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அல்லது அந்தச் சலுகையோடு மின்சீட்டு வாங்க வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): 8.55-க்கு அட்டையை வைத்து, ரயில் 9.05-க்குக் கிளம்பினால்?

பதில்: நெரிசல் நேரக் கட்டணம். ரயில் புறப்படும் நேரம் கணக்கில் வராது, நீங்கள் செக்-இன் செய்த, அதாவது ஏறுமுன் அட்டையைக் கருவியில் வைத்த நொடிதான் கணக்கு. நிலையத்துத் தடுப்புக் கதவின் முன்னால் பெரியவர்கள் சிலர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒன்பது மணிக்காக நிற்பதை உத்ரெக்டில் எந்த வேலைநாளிலும் பார்க்கலாம். மாலையில் இதுவே நமக்குச் சாதகமாகும்: 3.58-க்குச் செக்-இன் செய்துவிட்டால், பயணம் ஐந்து மணி வரை நீண்டாலும் தள்ளுபடி நிலைக்கும்.

கேள்வி (அல்மேர): 60 வயதானவர்களுக்கு ரயிலில் இலவச நாட்கள் உண்டு என்கிறார்களே?

பதில்: கோஸடாகன் என்று சொல்வார்கள். 60 வயது நிறைந்து, மேற்சொன்ன சந்தா போன்ற ஒன்றை வைத்திருப்பவர்கள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு அது. ஆண்டுக்கு ஏழு நாட்கள், நெரிசல் இல்லாத நேரத்தில், நாட்டில் எங்கு வேண்டுமானாலும் ரயிலில் போய்வரலாம். ஏழையும் ஒரே மாதத்தில் தீர்த்துவிட முடியாதபடி ஆண்டு முழுவதும் பிரித்து வைத்திருப்பார்கள். மாஸ்ட்ரிக்ட், குரோனிங்கன் போன்ற தொலைவான ஊர்களுக்கு இந்த நாட்களை ஒதுக்குங்கள். பக்கத்து ஊருக்குப் போய்வர ஒரு நாளைச் செலவழிப்பது வீண்.

கேள்வி (டெல்ஃப்ட்): பேரக்குழந்தைகளை அழைத்துப் போனால்?

பதில்: நான்கு வயதுக்குக் கீழ் இலவசம். 4 முதல் 11 வயது வரை, பெரியவர் ஒருவரோடு ரயிலில் வரும் குழந்தைக்கு ரெய்ல்ரன்னர் என்ற நாள் சீட்டு 2.50 யூரோ. ஒரு பெரியவர் மூன்று குழந்தைகள் வரை அழைத்துப் போகலாம்.

கேள்வி (டென் ஹாக்): இறங்கும்போது அட்டையை வைக்க அம்மா அடிக்கடி மறந்துவிடுகிறார். ஒருமுறை 20 யூரோ போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். செக்-இன் செய்யும்போது ஒரு முன்பணம் பிடித்து வைக்கப்படுகிறது. பேருந்து, டிராம், மெட்ரோவில் 4 யூரோ, ரயிலில் 20 யூரோ, சந்தா உள்ள அட்டையாக இருந்தால் 10 யூரோ. இறங்கும்போது அட்டையை வைத்துச் செக்-அவுட் செய்தால் உண்மையான கட்டணம் போக மீதி உடனே அட்டைக்குத் திரும்பிவிடும். மறந்தால் அந்த முன்பணமே கட்டணமாகிவிடும். சலுகையால் ஒரு மாதம் மிச்சம் பிடித்த பணம் ஒரே மறதியில் போய்விடும் என்பதால், நான் சலுகையைவிட இதைத்தான் பெரியவர்களிடம் முதலில் சொல்வேன்.

அய்ட்செக்கெமிஸ்ட் என்ற இணையதளத்தில் அட்டை எண்ணையும், பயணத் தேதியையும், எங்கே இறங்கினார் என்பதையும் கொடுத்தால் அதிகப்படியாகப் பிடித்த தொகை திருப்பித் தரப்படும். தாமதிக்காமல் எழுதிவிடுங்கள். உங்கள் தாயாருக்கு ஓசையைச் சொல்லிக்கொடுங்கள்: ஏறும்போது கருவி ஒருமுறை ஒலிக்கும், இறங்கும்போது இருமுறை ஒலிக்கும். ஒற்றை ஒலி கேட்டு இறங்கினால் ஏதோ தவறு என்று அர்த்தம். ரயிலில் வந்து பேருந்தோ டிராமோ ஏறுகிறவர்கள் நிலையத்தில் கருவி பொருத்தியுள்ள கம்பத்தில் செக்-அவுட் செய்யாமல் நேரே வண்டியில் போய் அட்டையை வைப்பதுதான் நான் பார்த்தவரை வழக்கமான தவறு. வேறொரு ரயில் நிறுவனத்தின் வண்டிக்கு மாறும்போதும் முதல் நிறுவனத்தின் கம்பத்தில் செக்-அவுட், அடுத்ததன் கம்பத்தில் செக்-இன் என்ற ஒழுங்கு மாறக்கூடாது. பேருந்து, டிராம், மெட்ரோவுக்குள் மாறுவதாக இருந்தால், இறங்கி 35 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் அடிப்படைக் கட்டணம் இரண்டாம் முறை விழாது.

கேள்வி (ஹார்லம்): இப்போது வங்கி அட்டையையே வைத்துப் போகலாமே? தனி அட்டை எதற்கு?

பதில்: போகலாம், 2023 முதல் நாடெங்கும் அந்த வசதி உண்டு. ஓவி-சிப்கார்ட்டின் இடத்தில் ஓவி-பாஸ் என்ற புதிய அட்டையும் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. ஆனால் வங்கி அட்டைக்கு உங்கள் வயது தெரியாது. சலுகையை முன்கூட்டியே அதோடு இணைக்காமல் வெறுமனே கருவியில் வைத்தால் முழுக் கட்டணம்தான் போகும். இளைஞர்களுக்கு அது வசதி. 65 வயது தாண்டியவருக்கு, அவசரத்துக்குத் தவிர, நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வங்கி அட்டையும் ஓவி அட்டையும் ஒரே பணப்பையில் இருக்க, பணப்பையை அப்படியே கருவியில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். ஏறும்போது ஒன்றையும் இறங்கும்போது இன்னொன்றையும் கருவி படித்துவிட்டால், முடிவடையாத இரண்டு பயணங்கள் பதிவாகிவிடும். கைபேசியும் வங்கி அட்டையும் ஒரே கணக்கைச் சேர்ந்தவையாக இருந்தாலும் கருவிக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள்தான்.

கேள்வி (ராட்டர்டாம்): எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு காசும் கொடுக்காமல் டிராமில் போகிறார். அது எப்படி?

பதில்: அது நகராட்சி தரும் சலுகை; தேசிய அளவிலான 34 விழுக்காட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ராட்டர்டாமில் குடியிருப்போர் அரசு ஓய்வூதிய வயதை எட்டியதும், அதாவது இப்போதைய கணக்கில் 67-ஐ எட்டியதும், அந்நகரப் போக்குவரத்து நிறுவனமான ஆர்இடியின் வண்டிகளில் இலவசமாகப் போக வழி உண்டு. ஆம்ஸ்டர்டாமிலும் டென் ஹாக்கிலும் அந்த வயதோடு குறைந்த வருமானத்துக்கான நகர அட்டையும் வேண்டும். நகரத்தில் முறையாகப் பதிவு பெற்ற குடியிருப்பாளருக்கே இவை பொருந்தும், விருந்தாக வந்த பெற்றோருக்கு அல்ல. இந்த உரிமையும் தனிநபர் அட்டையில் ஏற்றப்பட்ட பிறகே செயல்படும். இலவசம்தானே என்று செக்-இன் செய்யாமல் ஏறினால் அபராதம் விழும்.

கேள்வி (ஆர்னெம்): அத்தைக்குப் பார்வை மிகவும் குறைந்துவிட்டது, தனியாகப் பயணம் செய்ய முடியாது. உடன் செல்லும் எனக்கும் கட்டணம் உண்டா?

பதில்: உடல்நிலை காரணமாகத் துணையின்றிப் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்த இயலாதவர்களுக்கு ஓவி-பெகலைடர்ஸ்கார்ட் என்ற துணையாளர் அட்டை வழங்கப்படுகிறது. உங்கள் அத்தை தம் கட்டணத்தைச் செலுத்துவார். உடன் செல்பவருக்குப் பேருந்து, டிராம், மெட்ரோ, ரயில் எல்லாவற்றிலும் இலவசம். அட்டை அத்தையின் பெயரில் இருக்கும் என்பதால் இன்று நீங்கள், நாளை உங்கள் சகோதரி என்று யார் துணைக்குப் போனாலும் செல்லும். விண்ணப்பத்தோடு மருத்துவ நிலை பற்றிய விவரங்களைக் கேட்பார்கள். பரிசீலனைக்குச் சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால், அடுத்த மருத்துவமனைப் பயணம் வரை காத்திராமல் இப்போதே அனுப்பிவிடுங்கள்.